நம்பர எதுக்கு அழிச்சிய?

அச்சன்புதூர் சைதூன் பீவியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவருக்குக் கெடுதல் செய்தவன் என்கிற ஒரே தகுதிதான் எனக்கு. நல்லது செய்தவர்கள் எழுதட்டும் என்று காத்திருக்கலாம். அப்படி ஒருத்தரும் இருப்பதாகத் தெரியவில்லை.

என் பெயர் நம்பிராஜன். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மீதி நாளெல்லாம் கலைஞன். போன சீசனில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் பத்து நாள் ஓவியக் கண்காட்சி நடந்தது. அதில் என் படமும் ஒன்று. ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை. காகிதம், துணி, கண்ணாடிச் சில்லு, பெயிண்ட் எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டிச் செய்கிற ஒட்டுப்படம். தலைப்பு "பெயரிலி". ஒரே இளைஞனின் முகம் வரிசை வரிசையாக எழுபத்திரண்டு தடவை வரும். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. நடுநடுவே விமானத்தில் பெட்டிக்குக் கட்டுகிற சீட்டு, உடைந்த கண்ணாடி, பழைய கைலியின் கரை.

பக்கத்தில் ஒரு விளக்கத் தாளும் எழுதி ஒட்டியிருந்தேன். "திரும்பத் திரும்ப வரும் முகம், கூட்டத்தில் கரைந்துபோகும் தனிமனிதனைக் குறிக்கிறது. சிவப்பு, அதிகாரத்தால் அழிக்கப்பட்ட அடையாளம். பெயரும் ஊரும் போன பிறகு மனிதன் யார்?" இப்போது அதை வாசித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்போது மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று இருபது நிமிஷம் பேசினார். சிவப்புக்கு நான் நினைக்காத அர்த்தம் இரண்டு சொன்னார். நான் நினைத்துத்தான் பூசினேன் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

அந்த முகம் எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. ஒருத்தருமே கேட்கவில்லை. தென்காசியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது அது. "காணவில்லை" நோட்டீஸ், இரண்டு கட்டு, மூலையில் தூசி படிந்து கிடந்தது. எடைக்கு வந்துவிட்டது என்றால் ஆள் கிடைத்திருப்பான், மிஞ்சினதைப் போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. பெயர், ஊர், நம்பர் மூன்றின் மேலும் சிவப்பைப் பூசினேன். ஒட்டினது போக மிஞ்சின தாளைத் திரும்ப எடைக்கே போட்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கினவரைக்கும் லாபம் என்பார்கள். நான் பிடுங்கினேன்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேலே இருக்கும். கறுப்புப் புர்கா. விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை, அதைப் பார்த்தாலே பீடி சுற்றுகிறவர் என்று தெரிந்தது. கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார். அவர் தெருவிலிருக்கும் மாஜிதா என்கிற நர்சிங் மாணவி என் படத்தின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட செல்ஃபி. சீசனில் எடுத்ததை முந்தின நாள்தான் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் ஏழெட்டு முகம் தெரிந்தது.

"இந்தப் படம் உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாவ. நான் ஒருக்கா பாக்கலாமா சார்?"

ரசிகை என்று நினைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அச்சன்புதூரிலிருந்து பஸ் ஏறி என் கலையைத் தேடி ஒருவர் வந்திருக்கிறாரே என்று நெஞ்சு விம்மியது. மாடிக்கு அழைத்துப் போனேன். சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்த படத்தைத் திருப்பினேன். அவர் பேசாமல் நின்றார். அதையும் நான் ரசனை என்றே எடுத்துக்கொண்டு, முகம் ஏன் திரும்ப வருகிறது, கண்ணாடிச் சில்லு எதற்கு, சீட்டு எதற்கு என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி கடைசி வரை கேட்டார். பிறகு ஒரு முகத்துக்குக் கீழே இருந்த சிவப்பின் மேல் விரலை வைத்தார்.

"நம்பர எதுக்கு அழிச்சிய?"

"அது ஒரு குறியீடும்மா. அடையாளத்த இழந்தவன்னு காட்டுததுக்காக."

"அவன் ஒண்ணும் இழக்கலயே சார். அவனுக்குப் பேரு இருக்கு. ஊரு இருக்கு. ஹுஸைஃபா. எம் மவன்."

அவரை உட்காரச் சொல்ல வேண்டியவன் நான் உட்கார்ந்துவிட்டேன். மாடிப்படியில் மேல்படியில் நான், இரண்டு படி கீழே அவர். அங்கே வைத்துத்தான் சைதூன் அக்காவின் கதையை முழுதும் கேட்டேன். அதற்குள் வாயில் அக்கா என்று வந்துவிட்டது.

பன்னிரண்டு வயதில் பீடித்தட்டை மடியில் வைத்தவர். இன்னும் இறக்கவில்லை. வீட்டுக்காரர் மசூது கேரளத்தில் துணி விற்கப் போய்வந்துகொண்டிருந்தார். ஹுஸைஃபாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றி மகனை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். அவன் சவூதிக்கு ஒரு மளிகைக் கிடங்கு வேலைக்குப் போனான். இதுவரை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கேட்கிற கதைதான்.

அவனை அங்கே தொந்தரவு செய்தது ஓர் இனிஷியல். நம் ஊரில் இனிஷியல் பேருக்கு முன்னால் நிற்கும், ம. ஹுஸைஃபா. பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதும்போது அது பின்னால் போய் கடைசிப் பெயராக உட்கார்ந்துகொண்டது, ஹுஸைஃபா மசூது. கிடங்கில் எல்லோருக்கும் அவன் மசூது. முதலில் அதை வேடிக்கையாகத்தான் சொன்னானாம்.

"'உம்மா, இங்கன நான் வாப்பா ஆயிட்டேன்'னு சிரிப்பான் சார். ரெண்டாவது வருசம் சிரிக்கல. 'உம்மா, என்னைய ஹுஸைஃபான்னு ஒருக்கா கூப்பிடு'ம்பான். நான் கூப்பிடுவேன். 'இன்னொருக்கா'ம்பான். ராத்திரி உறக்கமே இல்லன்னு சொல்லுதான். கூட இருந்தவங்க, ஒருமாதிரியா இருக்கான், கூப்பிட்டுக்கோங்கன்னுட்டாங்க."

இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பரில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். யாரும் வர வேண்டாம், பஸ் ஏறி நானே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ஒரு தோள்பையோடு அவன் வெளியே வந்ததைக் கூட வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், தர்காவுக்கு நேர்ந்தார்கள். கடைசியில் அக்கா ஆயிரம் நோட்டீஸ் அடித்தார். அதில் "சற்று மனநிலை சரியில்லாதவர்" என்று ஒரு வரி போட வேண்டியிருந்தது. அந்த வரியைச் சொல்லும்போது அச்சகத்தில் தன் நாக்கு எழவில்லை என்றார்.

ஐந்நூறு ஐந்நூறாக இரண்டு கட்டு. தம்பி கிதிர் முகம்மது வாரா வாரம் துணி எடுத்துக்கொண்டு கொல்லம் பக்கம் போகிறவர். ஆரியங்காவிலிருந்து கொட்டாரக்கரை வரைக்கும் ஒட்டுகிறேன் என்று அவர்தான் வாங்கிப் போனார்.

"ஒட்டியாச்சான்னு கேட்டேன். 'ஒரு சுவரு விடல லாத்தா'ன்னான்."

இதைச் சொன்னவர் திடீரென்று நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நீங்க வாங்கும்போது எப்படி இருந்துச்சு சார்? கட்ட அவுத்தியளா, அறுத்தியளா?"

"கத்தியால அறுத்தேன் அக்கா. ரெண்டு கட்டுலயும் முடிச்ச அவுக்கவே முடியல."

"என்ன நூலு?"

"ரோஸ் கலரு."

"பீடிக்கட்டு நூலு. நான் போட்ட முடிச்சு" என்றார்.

ஆயிரத்தில் ஒரு தாள்கூட வெளியே வரவில்லை என்பது அந்த முடிச்சிலேயே இருந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷமாக அந்தப் போனை அவர் அணைத்ததில்லை. குளிக்கப் போனால் ஜன்னலில் வைத்துக்கொண்டு குளிப்பார். கரண்ட் போனால் பக்கத்து வீட்டு இன்வர்ட்டரில் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவார். ஆயிரம் நோட்டீஸ் பார்த்து ஒருத்தனுக்குமா கூப்பிடத் தோன்றவில்லை என்று கேரளத்து ஆட்களையெல்லாம் வைதுகொண்டு கிடந்தாராம்.

"தம்பி மவளுக்கு அப்ப மாப்பிள பாத்துக்கிட்டிருந்தாங்க. லாத்தா மவன் பைத்தியம்னு சுவரெல்லாம் ஒட்ட மனசு வந்திருக்காது" என்றார். தம்பிமேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் கல்யாணத்துல பொண்ணுக்கு நான்தான் மருதாணி வச்சேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கேட்டார்.

"ஆக, இத நாலு பேரு பாத்தது குத்தாலத்துல வச்சுத்தான். பாத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

சொன்னார்கள். நிறையச் சொன்னார்கள். பார்வையாளர் நோட்டு என்னிடம்தான் இருந்தது. அருமை, வாழ்த்துகள், நெஞ்சைத் தொட்டது என்று பக்கம் பக்கமாக இருந்தது. அதில் ஒரு பக்கம் மலையாளத்தில் எழுதியது. எட்டு வரி, நடுவில் ஒரு சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. எங்களுக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேசினால் பாதி வரும், எழுத்து மட்டும் வராது. பஸ் போர்டு பார்த்துப் பார்த்து எனக்கு நாலைந்து எழுத்து தெரியும். கோடு போட்ட சொல்லின் முதல் எழுத்து "ம" என்று கண்டுபிடித்தேன். மலையாளத்தில் ம-வில் தொடங்கும் பாராட்டு வேறென்ன இருக்க முடியும், மனோகரம்தான். அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, "கேரள ரசிகர் ஒருவர் நம் படைப்பை மனோகரம் என்கிறார்" என்று முகநூலில் போட்டேன். நூற்றுப்பதினாறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். பெருமைக்கு எருமை மேய்ப்பது என்பார்களே, அதுதான்.

"அத வாசிங்க" என்றார் அக்கா.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி அனுப்புகிற குத்தாலிங்கம் என் கூடப் படித்தவன். மலையாளச் சீட்டெல்லாம் வாசிப்பான். பக்கத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே நம்பி, இது என்னைக்கு எழுதினது? ஜூலை இருபத்தேழுன்னு போட்டிருக்கு. கேளு. 'இந்தப் படத்துல இருக்க ஆள எனக்குத் தெரியும். பேரு மசூது. புனலூர்ல என் பஞ்சர் கடைக்கு அடுத்த ஹோட்டல்ல பாத்திரம் கழுவுதான். ஊரு கேட்டா சொல்ல மாட்டான். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நம்பரையாவது வாசிச்சுக் கூப்பிடலாம்னு பாத்தா, எல்லாத்துலயும் அத அழிச்சிருக்கு. வீட்டாளுக யாராவது உண்டும்னா என்னையக் கூப்பிடணும்.' ஆதம்னு கையெழுத்து. நம்பரு இருக்கு. மசூதுங்கதுக்குக் கீழதாம்லே ரெண்டு கோடு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "மசூது எங்க வீட்டுக்காரரு பேருல்லா. அவரு மவுத்தாயி பதினஞ்சு வருசமாச்சே" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அந்த நம்பரைப் போடுங்க, போடுங்க என்று என்னிடமே திரும்பத் தந்தார்.

ஆதம் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "நாலு மாசம் கழிஞ்சோ விளிக்கிறது?" என்று கேட்டார்.

அவர் மலையாளத்தில் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பின அன்றைக்கே ஹோட்டலுக்குப் போய், மசூதே, உன் வீட்டாட்கள் உன்னைத் தேடிக் குற்றாலத்தில் படம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாராம். மறுநாள் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டான். வேலை முடிந்ததும் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சர் கடை பெஞ்சில் வந்து உட்காருவான். தென்காசி பஸ் ஒவ்வொன்று நிற்கும்போதும் எழுந்து நின்று இறங்குகிறவர்களைப் பார்ப்பான். பன்னிரண்டு நாள் அப்படி இருந்திருக்கிறான். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஆதத்திடம் கேட்டிருக்கிறான், படத்தில் நம்பர் இருந்ததா என்று. இருந்தது, சிவப்படித்து அழித்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றிலுமா என்று கேட்டானாம். எல்லாவற்றிலும் என்றிருக்கிறார்.

"அப்ப, வர வேண்டாம்னு சொல்லுதாவ." இதை மட்டும் ஆதம் அவன் சொன்ன தமிழிலேயே சொன்னார். மறுநாள் காலையில் அவன் ஹோட்டலில் இல்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓணத்துக்கு முன்னால் நடந்தது இது.

அந்தப் படத்துக்கு நான் அர்த்தம் சொன்னேன், பேராசிரியர் சொன்னார். அதைக் கண்ணால்கூடப் பார்க்காத ஹுஸைஃபா அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்து, அதை நம்பி எழுந்து போய்விட்டான்.

அக்கா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் அந்த முகங்கள்மேல் வைத்துக்கொண்டு, "நான் அழிக்கலயே வாப்பா, நான் அழிக்கலயே" என்று அழுதார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பாவைப் போலவே மகனையும் செல்லமாக வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அழுகையும் வந்தது, அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று ஆத்திரமும் வந்தது. இந்தச் சனியனைக் கோடாரியால் பிளந்து போட்டுவிடுகிறேன் அக்கா என்றேன்.

"ஒடைக்காதிய" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்பர எழுதுங்க."

வெள்ளைப் பெயிண்ட் எடுத்து வந்தேன். அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, எழுபத்திரண்டு முகத்துக்கும் குறுக்கே ஒரு முழ உயரத்துக்குப் பத்து எண்ணையும் எழுதினேன். ஹுஸைஃபா என்றும் எழுதச் சொன்னார், மசூது என்றும் எழுதச் சொன்னார். யோசித்துவிட்டு, "அழிச்சது உம்மா இல்லன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். வலது மூலையில் என் கையெழுத்து இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, "அழிச்சவன் நம்பிராஜன்" என்று போட்டேன்.

குத்தாலிங்கத்தின் காய்கறி வண்டியில் படத்தை ஏற்றிப் புனலூருக்குக் கொண்டுபோனோம். ஆதம் தன் கடைச் சுவரில், பஸ் வந்து நிற்கிற பக்கம் பார்த்து மாட்டிக்கொடுத்தார். மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் போய்க் கயிறும் தாளும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அக்காவுக்கு இப்போது போன் வராமல் இல்லை. கொல்லத்தில் பார்த்தேன் என்கிறான் ஒருவன், பாலக்காட்டில் பார்த்தேன் என்கிறான் இன்னொருவன். ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறிப் போகிறார். வெறுங்கையோடு திரும்பி வந்து பீடித்தட்டை எடுத்து மடியில் வைக்கிறார்.

போன சனிக்கிழமை போயிருந்தேன். காற்றில் ஒரு பக்கக் கயிறு அறுந்திருந்தது. ஆதம் கடையில் இல்லை. நானே கட்டிவிட்டு, அக்காவிடம் சொல்லலாம் என்றால் என் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரரிடம் போனை வாங்கிப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அவருக்கு அது தெரியாத புது நம்பர். நான் அதை யோசிக்கவில்லை.

"ஹுஸைஃபாவா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "மசூதா?" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

"வாப்பா, நான் அழிக்கல" என்றார்.

"இல்லக்கா. நம்பிராஜன்" என்றேன்.